சங்கு ஊதினால் மலையேறும் ஊர்

நிரோஷன்,

போன வாரம் நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அத்தை செத்ததுக்கு நான்தான் காரணமாம்மா?" என்று கேட்டாய். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன், விசா வந்துவிட்டதா என்று கேட்டேன், அப்பாவின் முழங்கால் வலியைச் சொன்னேன். நீயும் மறுபடி கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் கட்டாருக்குப் போய்விடுவாய். போன பிறகு இதைப் பேச முடியாது. அங்கிருந்து வரும் அழைப்புகளில் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள், இங்கிருக்கும் பெற்றவர்களும் அப்படியே சொல்கிறார்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். உன்னைப்போல் படித்துவிட்டு, ஏதோ ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு மலைக்குப் போகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் இப்போது நிறைய இருக்கிறார்கள்.

உன்னைத் தேற்றுவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. தேற்றும்படி என்னிடம் எதுவும் இல்லை. என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து ஒருமுறை எழுதிப் பார்த்தால், உன் கேள்விக்குப் பதில் அதிலேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நம் தோட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு அதன் கிடப்பைச் சொல்ல வேண்டும். மடுல்சீமைப் பக்கத்தில் பஸ் திரும்பிவிடுகிற இடத்திலிருந்து இன்னும் மேலே நடக்க வேண்டும். பாதையோரத்தில் பள்ளிக்கூடம். அதற்குப் பக்கத்தில் நாம் இருக்கிற வரிசை வீடுகள், பள்ளத்து லயம். கொஞ்சம் ஏறினால் ஸ்டோர் என்று எல்லோரும் சொல்கிற தேயிலை ஃபெக்டரி. அதற்கும் மேலே மேட்டு லயம். மேட்டு லயத்தின் தலைக்கு மேல், காலையில் எல்லோரும் கூடி அன்றைய வேலையைக் கேட்டுப் பிரிகிற பெரட்டுக்களம். அதற்கப்பால் கொழுந்து மலை. பள்ளிக்கூடம் கீழே, பெரட்டுக்களம் மேலே. இது ஒன்று நினைவில் இருந்தால் போதும்.

ஸ்டோரின் சங்கை நீயும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே உன்னைப் பதுளையில் விடுதியில் சேர்த்துவிட்டோம். லீவு நாட்களில் கேட்கிற சத்தம் வேறு, அதற்குள்ளேயே கிடந்து வளர்வது வேறு. நான் பூனாகலையில் பிறந்தவள். அங்கேயும் ஒரு சங்கு இருந்தது. இருட்டோடு ஊதும்போது என் அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவார். அடுத்தது ஊதும்போது படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே போயிருப்பார். மதியம் ஊதினால் கொழுந்து நிறுக்க இறங்குவார்கள், சாயங்காலம் ஊதினால் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளை மடுவத்தில் விட்ட குழந்தைகள்கூட அந்தச் சத்தத்துக்குத்தான் அழத் தொடங்கும், பால் கொடுக்கத் தாய் வருகிற நேரம் அது என்பதால். டீச்சர் படிப்புக்குக் கல்வியியற் கல்லூரிக்குப் போன முதல் மாதம் எனக்குக் காலையில் எழவே தெரியவில்லை. எழுப்ப ஆளிருந்தும், மணிக்கூடு இருந்தும், சங்கு ஊதாததால் விடியவில்லை என்றே உடம்பு நம்பியது. இதை உன்னிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அது வேடிக்கையான விஷயமில்லை என்று இப்போது தெரிகிறது.

பிறகு ஸ்டோரை மூடினார்கள். கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதி மலை காடாகிப்போனது. வாரத்தில் சில நாள்தான் வேலை. வேலை இருக்கிறதா இல்லையா என்பதைக் கங்காணி போனில் செய்தி அனுப்பிச் சொல்லத் தொடங்கினார். ஸ்டோருக்குள் இருந்த கொழுந்து அரைக்கிற ரோதைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்கு ஏற்றினார்கள். அன்று அப்பா வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிட வரவில்லை. அவர் அந்த ரோதையில் வேலை செய்தவர்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு, மலையில் வெடிப்பு இருக்கிறது, மேட்டு லயம் ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். வேறு இடம் தருவதாகவும் சொன்னார்கள். இடம் வரவில்லை, கருவிதான் வந்தது. மழையை அளக்கிற ஒரு குழாய், மண் அசைவதைக் காட்டுகிற கம்பிகள், அவை இரண்டும் சேர்ந்து ஆபத்தென்று சொன்னால் தானாகவே ஊதுகிற சைரன். அதை மாட்ட வந்த கொழும்புக் கம்பெனியின் ஜீப்பிலிருந்து நீ இறங்கினாய். கழுத்தில் அட்டை தொங்கியது. தோட்டமே வந்து பார்த்தது. நான் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு, பார்க்காதது போலப் பார்த்தேன்.

சைரனை எங்கே வைப்பது என்று நீதான் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்றார் உன் எஞ்சினியர். வேண்டாம், ஸ்டோர்க் கூரையில் பழைய சங்கு இருந்த இரும்புத் தூணிலேயே வைக்கலாம், அங்கிருந்து ஊதினால் எல்லா லயத்துக்கும் கேட்கும், அந்தக் காலத்துக்காரன் கணக்குப் பார்த்துத்தான் நட்டிருக்கிறான் என்றாய். சரியான யோசனை. நான் உன் இடத்தில் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அங்கிருந்த யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

அப்பாவுக்கு மட்டும் வேறு கவலை இருந்தது. ஸ்டோருக்குள் ரோதை இருந்த மூலையில் ஒரு கல்லும் சூலமும் இன்னும் இருக்கின்றன, ரோதையில் கை போகாமல் காக்கிற சாமி, ரோதமுனி. நீ ஏணியில் கால் வைத்தபோது அப்பா பிடித்து நிறுத்தினார்.

"முனிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறு."

"ரோதையே இல்லப்பா. இரும்புக்கு வித்துட்டாங்க. இன்னும் முனி எங்க இருப்பாரு?"

"ரோதை போனா அவரும் போவாரா? அவரையும் லொறியில ஏத்தினாங்கன்னு நீ கண்டியா?"

உன் எஞ்சினியர் கீழே நின்று, பெரியவர் என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். "இடிதாங்கி வைக்கணும்னு சொல்றாரு சேர்" என்று நீ சிங்களத்திலேயே சொன்னாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு ஏறினாய். அந்தத் தேங்காயில் அன்று சம்பல் அரைத்தேன்.

அதைப் பற்றி இந்த மாதங்களில் நிறைய யோசித்திருக்கிறேன். ரோதையை நம் ஆட்கள் செய்யவில்லை. அது எங்கிருந்தோ கப்பலில் வந்தது. நாமும் இன்னொரு கப்பலில் வந்தவர்கள்தான். இந்த மலைக்கு இரண்டுமே அந்நியம். ஆனால் வந்த மெஷினை நம் ஆட்கள் சும்மா விடவில்லை. அதற்கு ஒரு சாமியைக் கொடுத்தார்கள், ஒரு மூலையைக் கொடுத்தார்கள், வருஷத்துக்கு ஒரு சேவலைக் கொடுத்தார்கள். மெஷின் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கு உரியதாகிவிடுகிறது, அங்கே பழகினவர்களைக் கேட்காமல் அதில் கை வைக்கக்கூடாது என்பதுதான் அப்பாவின் கணக்கு. உன் கணக்கு வேறு. ஒரு சைரன் ஜப்பானில் எப்படி ஊதுமோ அப்படியே மடுல்சீமையிலும் ஊத வேண்டும், அதுதான் அதன் பெருமை. நான் படித்தவள் என்பதால் உன் பக்கம் நின்றேன். அப்பாவின் பக்கம்தான் நியாயம் என்று இப்போது சொல்லவும் நான் தயாரில்லை. ரோதமுனி யாருடைய விரலையும் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. ஸ்டோரை மூடியபோதும் அவர் சும்மாதான் இருந்தார். மழைக்காலம் வருமுன் மலையில் தண்ணீர் ஓடுகிற கான்களை வெட்டி விடுவார்கள் முன்பு. அதை நிறுத்தியபோது எந்தச் சாமியும் கேட்கவில்லை, எந்தக் கருவியும் கேட்கவில்லை.

சைரனைப் பரிசோதித்த நாளை நினைத்துப் பார். நடுப்பகலில் ஊதினீர்கள். அன்று மேலே மலையில் கொஞ்சப் பேருக்கு வேலை இருந்தது. சத்தம் கேட்டதும் பெண்கள் எல்லோரும் வரிசையாக இறங்கி வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. முதுகில் கொழுந்துக் கூடையோடு, முன்பு கொழுந்து எடை போட்ட இடத்துக்கு நேராக வந்து நின்றார்கள். முன்னால் நின்றது பாக்கியம் அத்தை. அப்பாவின் அக்கா, உனக்குத் தொட்டில் கட்டிப் போட்டவர், மேட்டு லயத்தில் தனியாக இருந்தவர்.

"ஏன்டா மருமகனே, தராசு எங்கடா?" என்று கேட்டார்.

"அத்தை, இது கொழுந்து நிறுக்க ஊதுறதில்ல."

"பின்ன எதுக்கு, உனக்குப் பசிக்குதுன்னு ஊதினியா?"

எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். உன் எஞ்சினியர் அவர்கள் இறங்கி வந்ததைக் கைபேசியில் படம் எடுத்தார். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக வந்தார்கள் பார் என்று அவருக்குச் சந்தோஷம். பார்க்க வேண்டிய அத்தனையும் அன்றைக்கே நம் கண் முன்னால் நின்றது. பகலில் ஊதினால் தராசுக்கு வருகிறவர்கள், விடியலில் ஊதினால் எங்கே போவார்கள் என்று அங்கிருந்த ஒருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பதுளையிலிருந்து வந்த அதிகாரி சிங்களத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். சத்தம் கேட்டால் உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும். விளங்கியதா என்று கேட்டேன். விளங்கியது டீச்சர் என்றார்கள், பிள்ளைகள் வகுப்பில் சொல்கிற அதே ராகத்தில். அத்தை மட்டும் கையைத் தூக்கி, "அப்படியே வேலைக்கும் ஒருக்கா ஊதச் சொல்லுங்க, ரொம்ப நாளாச்சு" என்றார். மறுபடி சிரிப்பு. அந்த மாதம் முழுக்க லயங்களில் ஒரு பேச்சு ஓடியது. தூணில் சங்கு வந்துவிட்டது, இனி ரோதை வரும், ஸ்டோரைத் திறக்கப்போகிறார்கள் என்று. நான் மறுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒன்றும் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சு அவர்களுக்கு இனிப்பாக இருந்தது. நானும் ரொம்ப அழுத்திச் சொல்லவில்லை.

மலை சரிந்த அந்த விடியலைப் பற்றி உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. நீ வந்தபோது எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்குச் சொன்னது ராணி, லயத்தில் அத்தைக்கு அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில் இருந்தவள். பல நாளாக விடாத மழை. இருட்டுக் கலையும் நேரத்தில் சைரன் ஊதியது. பள்ளத்து லயத்தில் நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மேட்டு லயத்திலும் இளசுகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வயதான சிலர்தான் இறங்கவில்லை.

"சங்கு ஊதினதும் அக்கா அடுப்பப் பத்த வச்சிருச்சு டீச்சர்" என்றாள் ராணி. "நான் கேட்டேன், 'என்னக்கா, எறங்கச் சொல்றாங்களோ'ன்னு. 'அட போடி, ஸ்டோர் தொறக்குற மொத நாளே பிந்திப் போனா கங்காணி பேரு போடுவாரா? கெளம்பு'ன்னுச்சு. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு டீச்சர். கூட்டத்துல நானும்தான் இருந்தேன். நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா கால் அந்தப் பக்கமே போகுது. பேசிக்கிட்டே போனோம். பாதி வழியில படங்க மறந்துட்டேன்னு நான் திரும்பினேன். அக்கா, 'நீ என்னைக்குத்தான் ஒழுங்கா வந்த'ன்னு ஏசிட்டு மேல நடந்துச்சு."

மழைக்கு யாரும் வேலையை நிறுத்துவதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் மழையும் அவரைத் தடுக்கவில்லை. ராணி கதவருகே வந்தபோது மேலே சத்தம் கேட்டது. பெரட்டுக்களமும் அதற்குக் கீழே மேட்டு லயத்தின் ஒரு மூலையும் மண்ணோடு போயின. பின்னால் ஏறிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் தப்பினார்கள். அத்தையை எடுக்க நாளாயிற்று. எடுத்தபோது கூடைக் கயிறு தலையிலேயே இருந்தது.

உங்கள் கருவி சரியாக வேலை செய்தது. மலை இறங்குவதற்கு நல்ல நேரம் முன்பே ஊதியது. மேட்டு லயத்துப் பிள்ளைகள் உயிரோடிருப்பது அதனால்தான். கம்பெனி இதை வெற்றி என்றே மற்ற இடங்களில் சொல்லிக்கொள்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

சாவு வீடு முடிந்ததும் நீ நட்டுக் கழற்றுகிற சாவியொன்றை எடுத்துக்கொண்டு ஸ்டோர்க் கூரையில் ஏறினாய், சைரனைக் கழற்ற. அப்பா கீழே நின்று கத்தினார். "கழட்டு. கழட்டிட்டு நாளைக்கு மழை பேஞ்சா நீயே வந்து ஊதிக்கிட்டு நில்லு." நீ மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். இறங்கி வந்தபோது சாவி உன் கையில் இல்லை, அங்கேயே விட்டுவிட்டாய். அன்று சாயங்காலமே போய்விட்டாய். அதன்பிறகு கம்பெனி வேலையையும் விட்டாய்.

சரி, உன் கேள்வி. பல பதில்களை நினைத்துப் பார்த்தேன். கான் வெட்டாதவர்கள் காரணம், இடம் தராதவர்கள் காரணம், ஆபத்தென்று தெரிந்த மலையின் கீழே ஆட்களை வைத்திருந்தவர்கள் காரணம். எல்லாம் உண்மை. அவர்களுடைய பங்கு பெரிது, உன் பங்கு சின்னது. ஆனால் அவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, தூங்காமல் கிடக்கவுமில்லை. நீ கேட்கிறாய். அதனால் உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. ஆமாம், உன் பங்கும் அதில் இருக்கிறது. அந்தத் தூண் அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று நீ கேட்கவில்லை. எவ்வளவு தூரம் கேட்கும் என்று மட்டும் பார்த்தாய். அந்தச் சத்தம் அவர்களுடைய காலை எந்தப் பக்கம் திருப்பும் என்பதை அளக்க உன்னிடம் கருவி இல்லை. எங்களிடம் அது உடம்பிலேயே இருந்தது, நாங்களும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் சரி. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு சத்தத்துக்கு மலையேறினவர்களுக்கு, தாங்கள் ஏறுவதற்கு அந்தச் சத்தம்தான் காரணம் என்பதுகூட மறந்துபோகும்.

இதைச் சுமந்துகொண்டு போ என்று சொல்லவில்லை. இறக்கி வைக்க என்னால் முடியாது என்று மட்டும் சொல்கிறேன். அங்கே நீ என்ன வேலை செய்வாயோ தெரியாது. கட்டிடங்களில் நெருப்பு எச்சரிக்கைக் கருவி மாட்டுகிற வேலை என்றாய். அங்கே தூங்குகிறவர்களும் நம்மைப்போல எங்கிருந்தோ வந்தவர்கள்தானே. மாட்டுவதற்கு முன் அவர்களோடு ஒரு தேநீர் குடி. எந்தச் சத்தத்துக்கு எழுகிறார்கள், எந்தச் சத்தத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று கேள். அதனால் பெரிதாக எதுவும் மாறிவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. உன் மேலதிகாரிக்கு அதற்கெல்லாம் நேரமிருக்காது. இருந்தாலும் கேள்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சரிவுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களையெல்லாம் போன மாதம் லயங்களுக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள், மேட்டு லயத்தில் மிஞ்சிய காம்பராக்கள் உட்பட. வேறு இடம் இன்னும் அளக்கவில்லை. சைரனின் சத்தத்தை மாற்றித் தருவதாகச் சொல்லி உன் கம்பெனியிலிருந்து இன்னொரு பையனை அனுப்பினார்கள். மொனராகலைக்காரன், நல்ல பிள்ளை, அரைகுறைத் தமிழ். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக் காட்டினான், எது வேண்டும் என்று கேட்டு.

முதல் சத்தத்துக்கே ராணி தலையாட்டினாள். "இது பாண் விக்க வர்ற வண்டிக்காரன் பாட்டு மாதிரி இருக்கு. பிள்ளைக காச எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடும்."

அடுத்தது ஆம்புலன்ஸ் போல இருந்தது. "யாருக்கு என்னன்னு பாக்க எல்லாரும் ஸ்டோருக்கு ஓடிருவோம்" என்றார் கங்காணி.

"தப்பு அடிக்கிற சத்தம் போட ஏலாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தப்புச் சத்தம் கேட்டா, எழவு யார் வீட்லன்னு கேக்க வருவாங்க. உனக்குத்தான்னு யார் சொல்றது?"

"அப்ப தோட்டத் துரையோட ஜீப் சத்தத்த வைங்க, ஒருத்தரும் லயத்துல இருக்க மாட்டோம்."

"மலைக்குள்ளதானேடா ஓடி ஒளிவ? அதுவும் மேலதான்."

சாவுக்குப் பிறகு அவர்கள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பையனுக்குப் பாதி விளங்கவில்லை, அவனும் சிரித்தான். ஆனால் அவன் கொண்டுவந்த சத்தங்கள் எல்லாம் முடிந்துபோயின. வெளியே போ என்று நமக்குச் சொல்கிற சத்தம் ஒன்றுகூட அதில் இல்லை. கடைசியில் ராணிதான் சொன்னாள்: "டீச்சர் கொரல வைங்க. டீச்சர் பள்ளிக்கூடத்துல ஏசினா நாங்க வீட்ல நிமிந்து உக்காருவோம்." எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அலுமாரி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் கொண்டுவந்திருந்தான், நான் தமிழாக்கினேன். "அவதானம். மண்சரிவு ஆபத்து. உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்." இவ்வளவுதான். முதல் இரண்டும் நன்றாக வந்தன. மூன்றாவதில் குரல் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன், மறுபடி நின்றது. பையன் பொறுமையாக இருந்தான். பள்ளிக்கூடத்துச் சுவரிலும் இப்போது வெடிப்பு விழுந்திருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே ஆட்களைத் தங்க வைக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கோயிலும் அதே சரிவில்தான். பாதுகாப்பான இடம் என்று நான் எதைச் சொல்வது? அவர்கள் என் குரலை நம்பி எழுந்து வருவார்கள். தெரியாத ஒன்றை அந்தக் குரலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் எழுதியதை மூடி வைத்துவிட்டு, வகுப்பில் பேசுகிற மாதிரிச் சொன்னேன்: "எல்லாரும் எந்திரிங்க. வெளிய வாங்க. மேல போகாதீங்க." சின்னதாக இருப்பதே நல்லது என்றான் பையன்.

மறுநாள் பின்னேரம் தூறலில் போட்டுப் பார்த்தார்கள். ஸ்டோர்க் கூரையிலிருந்து என் குரல் மலை முழுவதும் கேட்டது. அப்படிக் கேட்க எனக்கே பயமாக இருந்தது. ஆனால் வந்தார்கள், நிரோஷன். ஒருவர் விடாமல் வந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, ராணி ஒரு துணி மூட்டையோடு. கூடையை யாரும் எடுக்கவில்லை, ஒருவர்கூட மேலே ஏறவில்லை. எல்லோரும் கீழே பாதைக்கு வந்து நின்றார்கள். அந்த மெஷின் நம்மோடு பேசினதும், நாம் எல்லோரும் அது சொன்னபடி செய்ததும் அன்றுதான். நீ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். பையன் கைதட்டினான்.

"வந்துட்டோம் டீச்சர்" என்றாள் ராணி.

"சரி" என்றேன்.

"இனி எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேலிக்காகக் கேட்கவில்லை. குரல் கொடுத்தவளுக்கு அடுத்ததும் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார்கள். பாதையின் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம், நடுவில் நாங்கள். பையன் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினான். தூறல் பெருத்தது. குழந்தைகள் நனைகின்றன என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி லயத்துக்குள் போனார்கள், மேட்டு லயத்துக்காரர்கள் மேட்டு லயத்துக்கு. நானும் அப்பாவும் கடைசியாகப் போனோம்.

நீ எங்களை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாய், மொனராகலைப் பக்கம் சமதரையில் ஒரு வாடகை வீடு பார்ப்பதாக. இரண்டு பேருக்கு வீடு கிடைக்கும். அதற்குப் பிறகும் இங்கே மழை பெய்தால் ஊதப்போவது என் குரல்தான். அதைக் கேட்டு இவர்கள் வெளியே வந்து நிற்கும்போது நான் அந்தச் சமதரையில் உட்கார்ந்திருக்க முடியாது. அப்பாவும் வரமாட்டார், நீ கேட்க வேண்டாம்.

போய் இறங்கியதும் ஒரு வார்த்தை சொல். இங்கே மழையா என்று மட்டும் கேட்காதே.

அம்மா